எல்லையில் நின்ற லோனோ

வரி வாங்க வந்தது ஒரு கம்பம். இரண்டு ஆள் நீளம். உச்சியில் செதுக்கிய சின்ன முகம். அதற்குக் கீழே குறுக்குக் கட்டை. கட்டையின் இரு முனையிலிருந்தும் வெள்ளை மரப்பட்டைத் துணி, கடற்பறவைத் தோல், இறகு மாலைகள் தொங்கும். அதைத் தூக்கிக்கொண்டு பூசாரிகளும் ஆட்களும் தீவைச் சுற்றி வருவார்கள். நிலம் வலக்கைப் பக்கம், கடல் இடக்கைப் பக்கம். ஒவ்வொரு ஊரின் எல்லையிலும் கல்லடுக்கிக் கட்டிய மேடை இருக்கும், அதன்மேல் குக்குயி மரத்தில் செதுக்கிய பன்றித் தலை. கம்பம் அங்கே வந்து நிற்கும். ஊரார் தங்கள் விளைச்சலில் கொடுக்க வேண்டியதை அந்த மேடைக்கு முன்னால் கொண்டுவந்து வைப்பார்கள். கம்பமாக வந்தவர் லோனோ. மழையும் விளைச்சலும் அமைதியும் அவர் பொறுப்பு.

ஹவாயித் தீவுகளில் இது நடந்த பருவத்தை மக்கஹீக்கி என்பார்கள். ஏறத்தாழ நான்கு மாதம் நீளும். 'அறுவடைத் திருவிழா' என்று சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அந்தச் சொல் போதவில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் வருவாய்த் துறையில் வேலை பார்த்து வட்டாட்சியராக ஓய்வுபெற்றவன் நான். எல்லைக்கல், அடங்கல், தீர்வை, தள்ளுபடி என்றே வாழ்க்கை போயிற்று. மகள் ஹோனலூலுவில் வேலையில் இருந்ததால் ஒரு குளிர்காலம் அங்கே தங்கினேன். அப்போது டேவிட் மாலோவின் நூல் கையில் கிடைத்தது. பக்கத்துக்குப் பக்கம் எனக்கு அது ஒரு ஜமாபந்தியின் வரலாறாகவே தெரிந்தது. ஆனால் நான் பார்த்த எந்த ஜமாபந்தியிலும் இல்லாத ஒன்று அதில் இருந்தது. வரி வாங்கும் மாதங்களில் அரசன் போருக்குப் போகக் கூடாது. ஆயுதத்தைக் கீழே வைத்தால்தான் அவன் கை நீட்டலாம்.

மாலோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1790களில், ஹவாயிப் பெருந்தீவின் கோனாக் கரையில் கெயாவுஹோவில் பிறந்தவர். பழைய மதம் வீழ்ந்தபோது இருபதுகளில் இருந்த இளைஞர். தலைவர்களின் அவையில் வளர்ந்து, சடங்குகளைக் கண்ணால் பார்த்து, பிறகு கிறிஸ்தவராகி, 1831-இல் மாவி தீவில் தொடங்கிய லஹைனாலூனா பள்ளியில் படித்து, ஹவாயி மொழியிலேயே தம் மக்களின் பழைய வழக்கங்களை எழுதிவைத்தார். 1853-இல் இறந்தார். ஆங்கில மொழிபெயர்ப்பு 1903-இல்தான் அச்சில் வந்தது. பழைய தெய்வங்களை மனத்தால் விட்டுவிட்டவர் அவர். ஆனாலும் எந்த நாளில் எந்தச் சடங்கு, யார் கையில் என்ன இருந்தது என்று ஒன்று விடாமல் பதிந்திருக்கிறார். கணக்கு எழுதுகிறவனுக்கு இருக்க வேண்டிய மனசாட்சி அது.

பருவத்தின் தொடக்கத்தை வானம் சொல்லியது. ஹவாயியர் மக்கலீ என்று அழைக்கும் விண்மீன்கூட்டம்தான் நம் கார்த்திகை. பொழுது சாய்ந்ததும் அது கிழக்கே எழும் நாள் நவம்பர் நடுவில் வரும். அதை அடுத்த பிறையோடு மக்கஹீக்கி பிறக்கும். நம் திருக்கார்த்திகைக்கும் இதே வானந்தான் ஆதாரம்: சூரியனுக்கு நேர் எதிரே முழுநிலாவும் கார்த்திகை மீன்களும் சேர்ந்து ஏறும் இரவு அது. அண்ணாமலையில் தீபம் ஏற்றும் வாரங்களில்தான் ஹவாயிப் பூசாரிகளும் கீழ்வானத்தைப் பார்த்து நின்றார்கள். இரு மக்களுக்கும் உறவு இருந்ததென்று நான் சொல்ல வரவில்லை. வானம் பொது.

அந்த மாதங்களில் ஹவாயியில் தென்காற்று புயல்மழை கொண்டுவரும். மலைக்கு அந்தப் பக்கம் வற்றாத ஓடைகள் உண்டு. இந்தப் பக்கம், மழைமறைவில், கோனாவிலும் கொஹாலாவிலும் மானாவாரிதான். சர்க்கரைவள்ளித் தோட்டங்கள் கல்வரப்புக்குக் கல்வரப்பு மைல்கணக்கில் நீண்டு கிடந்தன. அவற்றுக்கு லோனோ வந்தால்தான் உண்டு. கருமேகம் லோனோவின் உடல். பன்றி, சர்க்கரைவள்ளி, குக்குயி மரம் எல்லாம் அவர் எடுக்கும் உருவங்கள். எல்லை மேடையில் பன்றித் தலை இருந்தது இதனால்தான்.

நிலப் பிரிவினையை விளக்காமல் வரியை விளக்க முடியாது. ஒவ்வொரு தீவும் மலையுச்சியிலிருந்து கடல்வரை நீளும் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அந்தத் துண்டுக்கு அஹுபுவா என்று பெயர். மேலே மரமும் இறகும் தரும் காடு. நடுவே ஓடையிலிருந்து வாய்க்கால் பிரித்துப் பாய்ச்சிய சேப்பங்கிழங்கு வயல். பாய்ந்த நீர் மறுபடி ஓடைக்கே திரும்ப வேண்டும். கீழே தென்னை, மீன்குளம், பவளப்பாறைவரை கடல். ஓர் ஊருக்கு வேண்டியது பெரும்பாலும் அந்தத் துண்டுக்குள்ளேயே கிடைத்தது. நிலம் யாருக்கும் சொந்தமில்லை. தலைவன் பேரில் கொனோஹிக்கி என்ற அதிகாரி நீரையும் நிலத்தையும் பார்த்துக்கொண்டார். மக்கஹீக்கி நெருங்கும்போது ஊரின் பங்கைச் சேர்த்து வைக்கிற பொறுப்பும் அவருடையதே. மரப்பட்டைத் துணி, பாய், மீன், நாய், கிழங்கு, இறகு எல்லாம் அதில் அடக்கம். இறகு என்றால் அற்பமாக எண்ண வேண்டாம். தலைவர்களின் மஞ்சள் மேலாடைக்கு ஒரு பறவையிடம் கிடைப்பது சில இறகுகளே. காட்டில் பறவை பிடிப்பவர்களின் நெடுங்கால உழைப்பு அதில் இருந்தது.

கொடுத்தது போதும் என்றால் பூசாரி மந்திரம் சொல்லி, கம்பம் வந்தபோது ஊர்மேல் விழுந்த சமயத் தடையிலிருந்து அதை விடுவிப்பார். போதாது என்றால் தடை நீங்காது. வந்த கூட்டம் ஊரைச் சூறையாடிவிடும். இதையும் மாலோ மறைக்காமல் எழுதுகிறார். சேர்ந்த பொருளை அரசன் தெய்வங்களுக்கும் பூசாரிகளுக்கும் தலைவர்களுக்கும் தன் காவலர்களுக்கும் பங்கிட்டான், உழுதவர்களுக்குப் பங்கில்லை என்பதும் அவர் எழுத்திலேயே இருக்கிறது. மக்கஹீக்கியைப் பொற்காலமாக்கிப் பேசுகிறவர்கள் இந்த வரிகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் தாண்ட மாட்டேன். வரி எங்கும் வரிதான், கொடுக்கிறவன் வயிற்றிலிருந்துதான் வருகிறது.

ஆனால் விடுதலை கிடைத்த ஊரில் என்ன நடந்தது என்பதும் அதே கணக்கில் சேர வேண்டும். அன்றைக்கு வேலை கிடையாது. விளையாட்டுக்கென்றே ஒரு தெய்வம் கூட்டத்தோடு வந்தது. குத்துச்சண்டை, மல்லு, ஓட்டம், வட்டக் கல்லை இரண்டு முளைகளுக்கு நடுவே உருட்டிவிடும் உலு மைக்கா. தலைவர்களுக்கு ஹோலுவா என்ற சறுக்கு விளையாட்டு. மலைச்சரிவில் கல்லால் பாதை கட்டி, புல் பரப்பி, ஒடுங்கிய சறுக்குப் பலகையில் குப்புறப் படுத்து இறங்குவார்கள். மாலோ பிறந்த கெயாவுஹோவில் அப்படி ஒரு கல்பாதையின் மிச்சம் இன்னும் நிற்கிறது. பருவத்தின் தொடக்கத்தில் ஓர் இரவு ஊர் முழுதும் கடலில் இறங்கி முழுகும். விடிந்ததும் புதுத் துணி உடுத்தும். போர்த்தெய்வமான கூவின் பெருங்கோயில்களில் அந்த நான்கு மாதமும் சடங்கு இல்லை.

முடிவில் நடந்ததுதான் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பி அறைக்குள் நடக்கவைத்தது. கம்பம் தீவைச் சுற்றித் திரும்பியதும் அரசன் படகில் கடலுக்குள் போய்க் கரைக்குத் திரும்புவான். கரையில் ஈட்டிக்காரர்கள் காத்திருப்பார்கள். ஓர் ஈட்டி அவனை நோக்கி எறியப்படும். அவனோடு வந்த தேர்ந்த வீரன் அதைத் தட்டிவிடுவான். இரண்டாவது ஈட்டியின் முனை அரசன் உடம்பைத் தொடும். அதற்குப் பிறகுதான் அவன் மறுபடி அரசன். நாட்டின் விளைச்சலை வாங்கிக்கொண்டவன் நாட்டின் ஈட்டிக்கு முன் வந்து நின்றாக வேண்டும் என்று ஒரு வழக்கம்! எந்த அரசாங்கத்தின் சட்டப் புத்தகத்திலும் இதற்கு ஈடான ஒரு விதியை நான் படித்ததில்லை.

பிறகு மக்கலீயின் வலை. பெரிய கண்ணுள்ள வலையில் சேப்பங்கிழங்கு, சர்க்கரைவள்ளி, ஈரப்பலா, தேங்காய் எல்லாம் நிரப்பி நான்கு பேர் தூக்கிக் குலுக்குவார்கள். பண்டங்கள் கண்வழியே கொட்டினால் ஆண்டு செழிக்கும். வலையிலேயே தங்கினால் பஞ்சம். கடைசியாக, படையல் கட்டிய ஒரு சிறு படகை ஆளில்லாமல் கடலில் விடுவார்கள். லோனோ தம் நாடான கஹிக்கிக்குப் போகிறார். கூவின் காலம் தொடங்கும்.

ஹவாயிக்கு வெளியே மக்கஹீக்கியைக் கேள்விப்பட்டவர்களில் பெரும்பாலோர் கேப்டன் குக் வழியாகத்தான் கேள்விப்பட்டிருப்பார்கள். 1778 நவம்பரில் மாவிக் கரைக்கு வந்து, பெருந்தீவை வலமாகச் சுற்றி, 1779 ஜனவரி 17-இல் கியலக்கெக்குவா விரிகுடாவில் நங்கூரம் இட்டார். மக்கஹீக்கி நடந்துகொண்டிருந்தது. கம்பமும் குறுக்குக் கட்டையும் வெள்ளைத் துணியும் போலப் பாய்மரம். மக்கள் அவருக்குப் பெரும் மரியாதை செய்தார்கள். பிப்ரவரி 4-இல் புறப்பட்டார். புயலில் பாய்மரம் பழுதாகி 11-இல் திரும்பி வந்தார். இம்முறை வரவேற்பு இல்லை. படகு திருட்டுப் போக, பதிலுக்கு முதிய அரசன் கலனியோபுவைக் கப்பலுக்குப் பிணையாகக் கொண்டுபோக முயன்றபோது, 14-ஆம் தேதி கரையிலேயே கொல்லப்பட்டார். அவரை லோனோவாகவே கண்டார்கள், காலம் தவறித் திரும்பியதால் கொன்றார்கள் என்றார் அமெரிக்க மானிடவியலாளர் மார்ஷல் சாலின்ஸ். வெள்ளைக்காரனைத் தெய்வமாகக் கும்பிட்டார்கள் என்பதே ஐரோப்பியர் கட்டிய புராணம் என்று 1992-இல் ஒரு நூலே எழுதி மறுத்தார் இலங்கையின் மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர. சாலின்ஸ் 1995-இல் இன்னொரு நூலால் பதில் சொன்னார். எனக்கு ஒபேசேகரவின் கோபம் நியாயமாகவே படுகிறது. அரசனைப் பிணையாகப் பிடிக்க வந்தவனை எந்த ஊரும் தாக்கும், அதற்கு இறையியல் வேண்டியதில்லை. அதைவிட எனக்கு வருத்தம், ஒரு மக்களின் நான்கு மாத வாழ்க்கை ஓர் ஆங்கிலேயரின் சாவுக்கு அடிக்குறிப்பாகிப் போனது.

முதலாம் கமேஹமேஹா தீவுகளை ஒன்றாக்கிய பிறகும் மக்கஹீக்கி நடந்தது. கடைசிக் காலத்தில் அவர் கோனாக் கரையில் கைலுவாவில் வாழ்ந்து, லோனோவுக்கென்று அஹுவேனா கோயிலைப் புதுப்பித்துக் கட்டினார். 1819 மே மாதம் அவர் இறந்தார். சில மாதங்களுக்குள் அவர் மகன் லிஹோலிஹோ, பெண்களோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்டார். ஆணும் பெண்ணும் சேர்ந்து உண்பதே பெருந்தடையாக இருந்த நாடு. கமேஹமேஹாவின் மனைவியரான காஹுமானுவும் கெயோபுவோலானியும் பின்னால் நின்று செய்வித்தது அது. அந்த ஒரு சாப்பாட்டோடு தடைகளின் முழுக் கட்டும் விழுந்தது. கோயில்கள் இடிக்கப்பட்டன. பெண்களுக்கு அது விடுதலை என்பதில் ஐயமில்லை. பழைய மதத்துக்காக ஆயுதம் எடுத்த கெகுவாவோகலானி டிசம்பரில் குவமோஓ போரில் மடிந்தார். அமெரிக்கப் பாதிரிமார் வந்து இறங்கியது அதற்குப் பிறகு, 1820-இல். லோனோவின் கம்பம் எல்லைக்கு வரும் வழக்கம் நின்றது.

வரி நிற்கவில்லை. சந்தனத்தில் வந்தது அடுத்த கதை. காண்டனுக்குச் சந்தனம் ஏற்றிய அமெரிக்க வணிகரிடம் தலைவர்கள் கப்பலும் பட்டும் கடனுக்கு வாங்கினார்கள். கடனை அடைக்க மக்களை மலைக்கு அனுப்பினார்கள். வயல் போட்டது போட்டபடி கிடந்தது. 1826 டிசம்பரில் எழுத்தில் வந்த முதல் வரிச்சட்டம் ஒவ்வோர் ஆணும் அரைப் பிக்கல் சந்தனம், அதாவது ஏறக்குறைய 30 கிலோ, அல்லது நான்கு ஸ்பானிய டாலர் தர வேண்டும் என்றது. பெண்கள் பாயோ துணியோ ஒரு டாலரோ. இந்தச் சட்டத்தையும் மாலோவின் அத்தியாயத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தேன். பழைய வரியில் சூறையும் இருந்தது, அநியாயமும் இருந்தது. ஆனால் அது வானத்தில் ஒரு மீன்கூட்டம் எழும்வரை காத்திருந்தது, எல்லை மேடையில் நின்றது, வாங்கிக்கொண்டதும் ஊரை விட்டுவிட்டது. சந்தன வரிக்குப் பருவம் இல்லை, விளையாட்டும் இல்லை. அரசனை நோக்கி எறிய ஓர் ஈட்டியும் இல்லை.

1848-இல் மூன்றாம் கமேஹமேஹா நிலத்தைத் தமக்கும் தலைவர்களுக்கும் பிரித்துக்கொண்டார். 1850-இல் குடியானவர்களுக்கும் பட்டா தரும் சட்டம் வந்தது. அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது மொத்த நிலத்தில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. விண்ணப்பிக்க வேண்டும், அளவை செய்ய வேண்டும், சாட்சி வேண்டும். பட்டா வாங்கத் தெரியாதவன் நிலத்தை இழப்பதை என் மேசைக்கு முன்னாலேயே பார்த்தவன் நான். எப்படி நடந்திருக்கும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கரும்புத் தோட்டங்கள் வந்தன. ஓடைக்குத் திரும்ப வேண்டிய நீர் மலையைக் குடைந்து கரும்புக்குப் போயிற்று. 1893-இல் அரசாட்சியும் கவிழ்க்கப்பட்டது.

மக்கஹீக்கி மறுபடி உயிர்பெற்ற இடம் ஹவாயியிலேயே மிகவும் சிதைந்த இடம். மாவிக்குத் தென்மேற்கே சுமார் 11 கிலோமீட்டரில் கஹோலாவே தீவு. 116 சதுர கிலோமீட்டர். மாவியின் மக்கேனாக் கரையில் நின்று பார்த்தேன். மாலை வெயிலில் முழுத் தீவும் சிவப்பாகத் தெரிந்தது. அழகாக இருந்தது, ஆனால் அந்தச் சிவப்பு மேல்மண் போய்விட்ட நிலத்தின் நிறம். 1793 முதல் வந்து பெருகிய ஆடுகள் செடியைத் தின்றன, பிறகு மாட்டுப் பண்ணைகள். 1941-இல் பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பின் அமெரிக்கக் கடற்படை தீவை எடுத்துக்கொண்டு குண்டுவீச்சுப் பயிற்சிக்களம் ஆக்கியது. போர் முடிந்தும் விடவில்லை. 1965-இல் கரையோரம் 500 டன் வெடிமருந்தைக் குவித்து வெடித்துச் சோதித்தார்கள். அந்தப் பள்ளத்தில் இன்றும் நீர் நிற்கிறது.

1976 ஜனவரி 4 அன்று ஒன்பது பேர் தடையை மீறிக் கரையேறினார்கள். மொலோகாய் தீவைச் சேர்ந்த மருத்துவர் எம்மெட் அலூலி அவர்களில் ஒருவர். அந்தப் போராட்டத்தின் குரலாக இருந்தவர் பாடகர் ஜார்ஜ் ஹெல்ம். 1977 மார்ச்சில் தீவைச் சூழ்ந்த கடலில் அவரும் கிமோ மிச்செலும் காணாமல் போனார்கள். உடல்கள் கிடைக்கவில்லை. வழக்கு நடந்தது. 1980-இல் உடன்பாடு ஏற்பட்டு, 'கஹோலாவேயைக் காக்கும் குடும்பம்' என்ற அவர்கள் அமைப்புக்கு அவ்வப்போது தீவில் இறங்க அனுமதி கிடைத்தது. ஏன் இங்கே வருகிறோம், வந்து நிலத்துக்கு என்ன செய்கிறோம் என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட விடைதான் 1982-இல் தொடங்கிய மக்கஹீக்கி. ஹிலோவின் கனகஓலே குடும்பத்தார் மந்திரங்களையும் முறையையும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது குண்டுவீச்சு நிற்கவில்லை. 1990 அக்டோபர்வரை நிற்கவும் இல்லை. எட்டு ஆண்டு, பயிற்சிக்களமாகவே இருந்த மண்ணில் லோனோவின் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்கள்.

அவர்கள் கேட்டது மழை. முன்பெல்லாம் மாவியின் ஹலேயாக்கலா மலைச்சரிவிலிருந்து பிற்பகலில் ஒரு மேகம் கிளம்பிக் கடலைத் தாண்டி இந்தத் தீவில் பெய்யும் என்பது முதியோர் சொல். அந்த மேகத்துக்கு நாஉலு என்று பெயரே உண்டு. அந்தச் சரிவின் காடு அழிய மேகமும் தவறியது. ஆகவே நவம்பரில் லோனோவை அழைத்து, பருவ முடிவில் தீவின் மேற்கோரம்வரை கம்பத்தோடு நடந்து, படையல் படகைக் கஹிக்கிக்கு அனுப்புகிறார்கள்.

இது பழையதா, புத்தகம் பார்த்துச் செய்த புதியதா என்று கேட்கிறவர்கள் உண்டு. 1819-க்கும் 1982-க்கும் நடுவே அறுந்துபோனது உண்மை. மாலோவும், அவரைப் போலவே பழைய வழக்கங்களைப் பதிந்த கமகாவும் ஜான் பாப்பா ஈயும் எழுதியதை வைத்து, குடும்பங்களில் தங்கியிருந்த மந்திரங்களை வைத்துக் கட்டியதுதான் இது. எனக்கு அதில் குறை தெரியவில்லை. ஆயுதத்தைக் கீழே வைத்தவனுக்கே நிலம் விளைச்சல் தரும் என்பது மக்கஹீக்கியின் உட்பொருள் என்றால், குண்டுவீசும் கடற்படையின் கண்ணெதிரே அதைச் செய்துகாட்டியதைவிடப் பழைய பொருளுக்கு நெருக்கமானது வேறென்ன இருக்கிறது?

வேறிடங்களிலும் இதே கதைதான். ஓவாஹூ தீவின் மாக்குவாப் பள்ளத்தாக்கை இரண்டாம் உலகப்போரில் ராணுவம் எடுத்துக்கொண்டது. 2001-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி உள்ளே போகும் உரிமை பெற்றவர்கள் அங்கே மக்கஹீக்கி நடத்துகிறார்கள். அங்கே இனி வெடிப்பயிற்சி இல்லை என்று ராணுவம் 2023-இல் அறிவித்தது. ஹவாயிக் கைதிகள் பலரை ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் அரிசோனாவில் உள்ள தனியார் சிறைக்கு அனுப்பிவைத்திருக்கிறார்கள். அவர்கள் தங்கள் சமய உரிமைக்காக 2011-இல் வழக்குப் போட்டார்கள். மக்கஹீக்கியைக் கூடி நடத்துவதும் அவர்கள் கேட்டவற்றில் ஒன்று. பாலைவனத்திலும் நவம்பரில் கார்த்திகை கிழக்கேதான் எழுகிறது.

கஹோலாவே 1994-இல் ஹவாயி மாநிலத்திடம் வந்தது. கடற்படை ஏறக்குறைய 40 கோடி டாலர் நிதியில் வெடிக்காத குண்டுகளை அகற்றி 2004-இல் வெளியேறியது. மேற்பரப்பில் கால்வாசி தொடப்படவே இல்லை. ஆழமாகச் சுத்தம் செய்தது பத்தில் ஒரு பங்கு நிலந்தான். 2020 பிப்ரவரியில் தீப்பிடித்துத் தீவின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எரிந்தபோது, மண்ணுக்குள் குண்டு இருந்ததால் இறங்கி அணைக்க முடியவில்லை. இன்றும் அவர்கள் இறங்கும் ஹக்கியோவாக் கரையில் படகுத்துறை இல்லை. படகைக் கடலில் நிறுத்திவிட்டு, ஆட்கள் நீந்தி, மூட்டைகளைக் கைமாற்றிக் கரைசேர்க்கிறார்கள்.

மாலோ காலத்தில் போலப் பங்கு பிரித்துக்கொள்ள அங்கே தலைவர் யாரும் இல்லை. மழைப் பருவமே கன்று நடும் பருவமும் ஆகையால், தீவுக்கு வருகிறவர்கள் மண்வெட்டியோடு சரிவுக்குப் போகிறார்கள். ஆலிஈப் புதர், நம் கல்யாண முருங்கைக்கு உறவான விலிவிலி, பிலிப் புல் நடுகிறார்கள். தோண்டக் கூடாத இடங்களில் உலர்ந்த பிலிப் புல்லைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து இறுகிய செம்மண்மேல் பரப்புகிறார்கள். அடுத்த மழையில் அடித்துவரும் மண் அதில் தங்கும், அந்த மண்ணில் விதை முளைக்கும்.